ரோட்டரி வேறு, ரேடியல் வேறு: லிண்ட்பெர்க்கின் எஞ்சின் சுழலவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பழைய விமான எஞ்சின்களைப் பற்றி வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். இந்தப் பொருளைத் தமிழில் எழுதுபவர்கள் குறைவு. பள்ளிப் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கிற பக்கம் அது. அதனாலேயே அதிலுள்ள பிழை திருத்தப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். 1927இல் சார்லஸ் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தில் எஞ்சின் முழுவதும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழன்றதாகக் கட்டுரை சொல்கிறது. அது உண்மையல்ல. அவர் விமானத்தில் இருந்தது ரைட் நிறுவனத்தின் ஜே-5 வேர்ல்விண்ட் என்னும் ரேடியல் எஞ்சின். அதன் ஒன்பது சிலிண்டர்களும் விமானத்தின் மூக்கில் அசையாமல் நின்றன. பிஸ்டன்களின் ஆட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டும் புரொப்பெல்லரும் மட்டுமே சுழன்றன. சிலிண்டர்களும் சேர்ந்து சுழல்வது ரோட்டரி எஞ்சின். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டும் நட்சத்திரம்போல ஒன்றாகத் தெரியும். ஆனால் ஒன்று மறைந்து மற்றொன்று நிலைத்ததற்கான காரணத்தில்தான் இந்த வரலாறே இருக்கிறது. கட்டுரையில் அந்தப் பகுதி விடுபட்டுவிட்டது.

நட்சத்திர வடிவம் தாமதமாக வந்த கண்டுபிடிப்பு அல்ல. ரைட் சகோதரர்கள் பறந்த 1903லேயே அது இருந்தது. அமெரிக்காவில் சாமுவேல் லாங்லியின் விமானத்துக்காக ஸ்டீபன் பால்சர் ஒரு ரோட்டரி எஞ்சினைச் செய்து பார்த்தார். வேண்டிய சக்தி வரவில்லை. லாங்லியின் உதவியாளர் சார்லஸ் மேன்லி அதையே சிலிண்டர்கள் நிலையாக நிற்கும்படி மாற்றி, நீரால் குளிரும் ஐந்து சிலிண்டர் ரேடியலாக ஆக்கினார். அது நிமிடத்துக்கு 950 சுற்றில் 52 குதிரைத்திறன் தந்தது. தண்ணீரும் துணைக்கருவிகளும் சேர்த்து எடை சுமார் 94 கிலோ. அதே ஆண்டு ரைட் சகோதரர்களின் எஞ்சின் சுமார் 80 கிலோ எடையில் 12 குதிரைத்திறன்தான் தந்தது. லாங்லியின் விமானம் இரண்டு முறை பொட்டோமாக் ஆற்றில் விழுந்ததால் இந்த அருமையான எஞ்சினை உலகம் மறந்துவிட்டது. அந்தத் தோல்வியில் எஞ்சினுக்குப் பங்கில்லை.

1909 ஜூலை 25 அன்று லூயி பிளெரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியது அன்சானி செய்த மூன்று சிலிண்டர் எஞ்சினில், சுமார் 25 குதிரைத்திறனில். அது முழு நட்சத்திரமல்ல. மூன்று சிலிண்டர்களும் மேல்பக்கமாகவே விசிறிபோல விரிந்திருக்கும். கீழ்நோக்கிச் சிலிண்டர் வைத்தால் எண்ணெய் வடிந்து இறங்கி ஸ்பார்க் பிளக்கை நனைத்துவிடும் என்ற அச்சமே அந்த அமைப்புக்குக் காரணம். அச்சம் நியாயமானது. கீழ்ச் சிலிண்டரில் எண்ணெய் தேங்கும் தொல்லை ரேடியலை அதன் கடைசிக் காலம்வரை விடவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இதற்கிடையில் பிரான்சில் லூயி செகான், லோரான் செகான் சகோதரர்கள் 'நோம்' ரோட்டரியைக் கொண்டுவந்தார்கள். ஏழு சிலிண்டர், 50 குதிரைத்திறன், எடை சுமார் 75 கிலோ. கிராங்க் ஷாஃப்டை விமானத்தோடு அசையாமல் பூட்டிவிட்டு, சிலிண்டர்களும், ஷாஃப்டை மூடியிருக்கும் கூடான கிராங்க் கேஸும், புரொப்பெல்லரும் ஒன்றாகச் சுழலவிட்டார்கள். கேட்க விசித்திரமாக இருந்தாலும் இதில் மூன்று நன்மைகள் இருந்தன. அன்றைய விமானங்கள் மெதுவாகப் பறந்தன. நிற்கும் சிலிண்டரைக் குளிர்விக்க அந்தக் காற்று போதாது. சிலிண்டரே சுழன்றால் தரையில் நிற்கும்போதும் காற்று கிடைக்கும். சுழலும் எடையே ஃப்ளைவீலாகி எஞ்சினைச் சீராக ஓடவைத்தது. பிஸ்டன்கள் ஒரு மையத்தையும் சிலிண்டர்கள் இன்னொரு மையத்தையும் சுற்றுவதால் முன்னும் பின்னும் இழுக்கும் அதிர்வும் குறைவு. சிலிண்டர்களை முழு எஃகுக் கட்டியிலிருந்து கடைந்து எடுத்தார்கள். சுவரின் கனம் 1.5 மில்லிமீட்டர்தான்.

ஆனால் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, உள்ளீடற்ற கிராங்க் ஷாஃப்ட் வழியாகக் கிராங்க் கேஸுக்குள் வந்துதான் சிலிண்டருக்குப் போக வேண்டும். கனிம எண்ணெயைப் பெட்ரோல் கரைத்துக் கழுவிவிடும். பெட்ரோலில் எளிதில் கரையாத விளக்கெண்ணெய்தான் தாக்குப்பிடித்தது. உள்ளே போன எண்ணெய் திரும்பத் தொட்டிக்கு வராது. எக்ஸாஸ்ட் வால்வு வழியே வெளியே சிதறும். அப்படிச் சிதறுவதைத் தடுத்துக் கீழே தள்ளுவதற்காகவே ரோட்டரி விமானங்களின் மூக்கில் உலோக வளையம் இருந்தது. முதல் உலகப் போரில் விளக்கெண்ணெய் தட்டுப்பாடான ஜெர்மனி மாற்று எண்ணெய்களை நம்ப வேண்டியிருந்தது. அவற்றால் ரோட்டரிகள் சூடேறி இறுகிப்போயின.

ரோட்டரியின் முடிவு அதன் அமைப்பிலேயே இருந்தது. சுழலும் சிலிண்டர்கள் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்குச் செலவாகும் சக்தி, சுற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். சுற்றை இரண்டு மடங்காக்கினால் காற்றைத் துழாவுவதற்கே எட்டு மடங்கு சக்தி போகும். அதனால் சுமார் 1,300 சுற்றுக்கு மேல் போவதில் பயனில்லை. சுற்றைக் கூட்டாமல் சக்தி வேண்டுமென்றால் எஞ்சினைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் பம்பர விசை கூடும். சாப்வித் கேமல் விமானம் வலப்பக்கம் திரும்பினால் மூக்கு கீழே இழுக்கும், இடப்பக்கம் திரும்பினால் மேலே தூக்கும். புது விமானிகள் பலர் இதற்குப் பலியானார்கள். வேகத்தைக் குறைக்க விமானிகள் பொத்தானை அழுத்தி ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறியை நிறுத்தி நிறுத்தி விடுவார்கள். அந்த நேரத்திலும் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். அது மூக்கு வளையத்துக்குள் தேங்கி, மறுபடி தீப்பொறி வரும்போது தீப்பிடிப்பதும் உண்டு.

ஆக, போரின் முடிவில் எல்லாரும் நிலையான ரேடியலைத் தேடினார்கள். அவசரத்தில் பிரிட்டன் பெரிய தவறு செய்தது. கிரான்வில் பிராட்ஷா வடிவமைத்த ஏபிசி டிராகன்ஃப்ளை என்னும் ஒன்பது சிலிண்டர் எஞ்சினை முழுமையாகச் சோதிக்கும் முன்பே, 1918இல் பத்தாயிரத்துக்கும் மேல் செய்ய ஆணையிட்டார்கள். சொன்னதைவிட எடை கூடியது, சக்தி குறைந்தது. எஃகுச் சிலிண்டரின் ஃபின்களுக்கு, அதாவது சூட்டைக் காற்றில் விடும் மெல்லிய தகடுகளுக்கு, செம்பு முலாம் பூசினால் சூடு போய்விடும் என்று நம்பினார்கள், போகவில்லை. அதைவிடக் கொடுமை கிராங்க் ஷாஃப்ட். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் ஷாஃப்ட் மிக நுண்ணிய அளவில் முறுகி மீளும். அந்த முறுக்கலுக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. வெடிப்புகளின் தாளம் அதோடு ஒத்துப்போனால் முறுக்கல் ஒவ்வொரு முறையும் வளரும், கடைசியில் ஷாஃப்ட் உடையும். டிராகன்ஃப்ளை வழக்கமாக ஓட வேண்டிய சுற்று வேகமே சரியாக அந்த இடத்தில் அமைந்துவிட்டது. சில மணி நேர ஓட்டத்திலேயே ஷாஃப்டுகள் உடைந்தன. முறுக்கதிர்வு அன்று சரியாகப் புரிந்துகொள்ளப்படாத விஷயம் என்பது உண்மைதான். ஆனால் நூறு மணி நேரம் பெஞ்சில் ஓட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். போர் நவம்பரில் முடிந்ததால் பிரிட்டன் தப்பித்தது.

ரேடியலைக் காப்பாற்றியது வடிவத்தில் செய்த புதுமை அல்ல, சிலிண்டரின் தலை. பிரிட்டனின் விமான ஆய்வு மையமான ஃபார்ன்பரோவில் போர்க்காலத்தில் பேராசிரியர் கிப்சனும் சாம் ஹெரானும் ஒற்றைச் சிலிண்டரை வைத்துப் பொறுமையாகச் செய்த சோதனைகள் இதில் அடிப்படை. வார்ப்பிரும்பைவிட அலுமினியக் கலவை சுமார் மூன்று மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். எனவே தலை அலுமினியம், பிஸ்டன் உரசும் குழாய் எஃகு. இரண்டையும் போல்ட்டால் பிணைத்தால் சூட்டில் வளைந்து இடைவெளி விழும். இடைவெளி விழுந்த இடத்தில் சூடு கடக்காது. ஆரம்ப கால பிரிஸ்டல் ஜூப்பிட்டர் என்னும் பிரிட்டிஷ் ஒன்பது சிலிண்டர் ரேடியலில் அதுதான் நடந்தது: மேலே மூடிய எஃகுச் சிலிண்டரின்மீது அலுமினியத் தலையை அமர்த்தியிருந்தார்கள். கிப்சனும் ஹெரானும் கண்ட வழி வேறு. அலுமினியத் தலையை நன்றாகச் சூடேற்றி விரியவைத்து, மரையிட்ட எஃகுக் குழாயின்மீது முறுக்கி ஏற்றிக் குளிரவிட வேண்டும். குளிர்ந்து சுருங்கும்போது தலை குழாயைப் பிடித்துக்கொள்ளும், பிறகு பிரியாது. தலையின் உட்புறம் அரைக்கோளம். அதில் இரண்டு வால்வுகள், ஒன்றுக்கொன்று சாய்வாக. அப்படிச் சாய்த்தால்தான் இரண்டு வால்வுகளுக்கும் நடுவில், அதாவது அதிகம் சூடேறும் இடத்தில், ஃபின்களுக்கும் காற்றுக்கும் வழி கிடைக்கும். அலுமினியம் மென்மையானது என்பதால் வால்வு இருக்கைக்குக் கடினமான உலோக வளையத்தைத் தனியாகச் செருக வேண்டும். எக்ஸாஸ்ட் வழி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நீண்டால் வெளியேறும் புகையின் சூடு திரும்பத் தலைக்கே ஏறும்.

அடுத்தது எக்ஸாஸ்ட் வால்வு. சிவக்கக் காய்ந்து நிற்கும் இந்த வால்வின் தலை நீளும், வளையும், சில நேரம் முறிந்து பிஸ்டன்மேல் விழும். கலவையைத் தானே பற்றவைத்து எஞ்சினைத் தட்டவும் வைக்கும். அமெரிக்காவுக்குச் சென்ற ஹெரான், வால்வை உள்ளீடற்றதாகச் செய்து முதலில் உப்புக் கலவைகளையும் பிறகு சோடியத்தையும் நிரப்பிப் பார்த்தார். சோடியம் சுமார் 98 டிகிரி செல்சியஸில் உருகும். குழியை முழுவதும் நிரப்பக்கூடாது, ஏறத்தாழப் பாதிதான். வால்வு மேலும் கீழும் ஆடும்போது உருகிய சோடியம் உள்ளே அலைமோதி, தலையின் சூட்டைத் தண்டுக்கும் தண்டைப் பிடித்திருக்கும் கைடுக்கும் கொண்டுபோகும். இன்றைய வேக கார்களிலும் இருக்கும் இந்த வால்வு, காற்றால் குளிரும் விமான எஞ்சினின் தேவையிலிருந்து வளர்ந்தது. கட்டுரையில் ஒரு வரியாவது இதற்கு இருந்திருக்க வேண்டும்.

வால்வு இடைவெளியையும் சொல்ல வேண்டும். சிலிண்டர் சூடேறி நீளும். வால்வைத் திறக்கும் நெம்புகோலான ராக்கரைத் தள்ளுவது புஷ் ராடு என்னும் கம்பி. வெளியே காற்றில் நிற்கும் அது அவ்வளவு நீளாது. அதனால் ராக்கருக்கும் வால்வுக்கும் இடையில் குளிர்ந்த நிலையில் வைத்த இடைவெளி, ஓடும்போது பெரிதாகிவிடும். வால்வு தாமதமாகத் திறக்கும், முன்னதாக மூடும், சத்தமும் தேய்மானமும் கூடும். பிரிஸ்டலின் எஞ்சின் பொறியாளர் ராய் ஃபெட்டன் ஜூப்பிட்டரில் இதை ஈடுகட்டும் அமைப்பொன்றைச் சேர்த்தார். அதே ஜூப்பிட்டரில் மூன்று கார்புரேட்டர்கள். உள்ளே மூன்று சுருள் வழிகள். ஒவ்வொரு சுருளும் மூன்று சிலிண்டர்களுக்குக் கலவை தரும். ஒன்று அடைத்துக்கொண்டாலும் மற்ற ஆறு சிலிண்டர்களும் சமமாகப் பிரிந்து ஓடும்.

அமெரிக்கக் கடற்படை ரேடியலை விரும்பியதற்குக் காரணம் எளிமை. நீர்க்குளிர் எஞ்சின் என்றால் ரேடியேட்டர், பம்பு, குழாய், இணைப்பு என்று ஒழுகக்கூடியவை ஏராளம். கடல்மேல் நடுவழியில் ஒன்று ஒழுகினால் போதும். சார்லஸ் லாரன்ஸ் செய்த ஒன்பது சிலிண்டர் எஞ்சின் அவர்களுக்குப் பிடித்தது. கடற்படையின் நெருக்குதலில் 1923இல் ரைட் நிறுவனம் லாரன்ஸின் நிறுவனத்தை வாங்கியது. அந்த எஞ்சின் வளர்ந்து, ஹெரான் வழிவந்த சிலிண்டரோடு சேர்ந்து 1925இல் ஜே-5 ஆனது: 12.9 லிட்டர், சுமார் 220 குதிரைத்திறன். லிண்ட்பெர்க் பறந்தது 33 மணி 30 நிமிடம். நிமிடத்துக்கு 1,600 சுற்று என்று வைத்தால், ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வும் அந்தப் பயணத்தில் ஏறத்தாழ 16 லட்சம் முறை திறந்து மூடியிருக்கும். பத்து ஆண்டுக்கு முந்தைய எந்தக் காற்றுக்குளிர் வால்வும் அதைத் தாங்கியிருக்காது. லிண்ட்பெர்க்கின் துணிவைப் பாராட்டும் கட்டுரை இதையும் பாராட்டட்டும்.

அதே 1925இல் ரைட் நிறுவனத்தை விட்டு வந்த ஃபிரடெரிக் ரென்ட்ஷ்லர், ஜார்ஜ் மீட், ஆண்ட்ரூ வில்கூஸ் ஆகியோர் ஹார்ட்ஃபோர்டில் பிராட் அண்ட் விட்னியின் பெயரில் வாஸ்ப் எஞ்சினைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் முடித்தார்கள். 22 லிட்டர், சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓட்டமும் ஒரே அளவு, 5.75 அங்குலம், 400க்கு மேல் குதிரைத்திறன், எடை சுமார் 295 கிலோ. ரேடியலில் எல்லாச் சிலிண்டர்களின் அழுத்தமும் ஒரே கிராங்க் பின்மேல்தான் விழும். பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் தண்டு ராடு. ஒரு சிலிண்டரின் ராடு மாஸ்டர் ராடு. மற்ற எட்டும் அதன் பெரிய முனையைச் சுற்றிச் சிறு பின்களில் பூட்டப்படும். மாஸ்டர் ராடின் முனையை இரண்டாகப் பிளந்து போல்ட் போட்டால் வேகத்தில் அந்தப் போல்ட்டுகள்தான் முதலில் களைத்துப்போகும். வாஸ்பில் ராடைப் பிளக்காமல், கிராங்க் ஷாஃப்டை இரண்டு துண்டாக்கினார்கள். வேகத்தைக் கூட்ட முடிந்ததற்கு அது முக்கியக் காரணம்.

ஒரு வரிசையில் ஏன் எப்போதும் ஒற்றைப்படை எண்ணில் சிலிண்டர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நான்கு ஓட்ட எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஒன்று விட்டு ஒன்றாக வெடித்துக்கொண்டு போனால் ஒன்பது சிலிண்டரில் வரிசை 1-3-5-7-9-2-4-6-8. இரண்டு சுற்றில் எல்லாம் முடிந்து, 80 டிகிரிக்கு ஒரு வெடிப்பு சீராக வரும். எட்டுச் சிலிண்டர் என்றால் 1-3-5-7 முடிந்ததும் மறுபடி 1க்கே வந்து நிற்கும். இடையில் தாவ வேண்டும், எஞ்சின் உதறும். வால்வுகளைத் திறக்க ஒன்பது தனிக் கேம் ஷாஃப்ட் தேவையில்லை. நான்கு மேடுகள் கொண்ட ஒரு கேம் வளையம், கிராங்கின் எட்டில் ஒரு பங்கு வேகத்தில் எதிர்த்திசையில் சுற்றினால் போதும். மிக நேர்த்தியான ஏற்பாடு இது.

கீழ்ச் சிலிண்டர் தொல்லைக்கு வருகிறேன். எஞ்சின் நின்று சில மணி நேரமானால் எண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழ்ச் சிலிண்டர்களில் இறங்கித் தேங்கும். எண்ணெய் அமுங்காது. ஸ்டார்ட்டரைப் போட்டால் பிஸ்டன் அதில் மோதி ராடு வளையும். உடனே உடைந்தால்கூட நல்லது. லேசாக வளைந்து, பறக்கும்போது முறிவதுதான் ஆபத்து. அதற்காகத்தான் பழைய படங்களில் ஆட்கள் புரொப்பெல்லரைக் கையால் சுற்றுவதைப் பார்க்கிறோம். முறை இது: ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சுவிட்ச் அணைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, ஓடும் திசையில் மெதுவாக, கிராங்க் இரண்டு முழுச் சுற்றாவது வரும்வரை சுற்ற வேண்டும். தடுத்து நின்றால் முட்டித் தள்ளக்கூடாது. பின்னோக்கியும் சுற்றக்கூடாது, அப்படிச் செய்தால் எண்ணெய் உறிஞ்சு குழாய்க்குள் போய் ஒளிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் திரும்ப வந்துவிடும். கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடியவிட்டு, மறுபடி சுற்றிப் பார்த்துப் பிறகே பூட்ட வேண்டும்.

காற்றுக்குளிர் எஞ்சினைத் தரையில் நீண்ட நேரம் ஓட்டுவதும் தவறு. புரொப்பெல்லர் தள்ளும் காற்று மட்டும் போதாது. எதிர்க்காற்றில் மூக்கை நிறுத்தி, சோதனையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். நம் வெயிலில் இது இன்னும் முக்கியம். பறக்கும்போதோ காற்று தாராளம், ஆனால் திறந்த சிலிண்டர்கள் விமானத்தை இழுக்கும். 1928இல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வகத்தில் ஃபிரெட் வைக் குழு காற்றுச் சுரங்கத்தில் உருவாக்கிய மூடி, காற்றைத் தேவையான அளவு மட்டும் உள்ளே விட்டு ஃபின்களின்மேல் போகச் செய்தது. அதை மாட்டிய லாக்ஹீட் ஏர் எக்ஸ்பிரஸின் உச்ச வேகம் மணிக்கு சுமார் 253 கிலோமீட்டரிலிருந்து 285க்கு ஏறியது, எஞ்சினை மாற்றாமலே.

நமக்கும் இதில் தொடர்பு உண்டு. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் தொடங்கிய இந்திய விமானப்படையின் முதல் படைப்பிரிவு பறந்த வெஸ்ட்லேண்ட் வாப்பிட்டி விமானங்களில் இருந்தது ஜூப்பிட்டர் எஞ்சின். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் சென்னையின் கடலோரக் காவல் பிரிவும் வாப்பிட்டிகளை வைத்துத்தான் கடலைக் கண்காணித்தது. டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் ஒரு வாப்பிட்டி இருக்கிறது; பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் அதன் மூக்கைக் காட்டலாம்.

எது ரோட்டரி, எது ரேடியல் என்று கண்டுபிடிக்க ஆசிரியர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். சிலிண்டரிலிருந்து எக்ஸாஸ்ட் குழாய் புறப்பட்டு வளையத்திலோ உடலின் பக்கவாட்டிலோ பொருத்தப்பட்டிருந்தால் அது ரேடியல். சுழலும் சிலிண்டரை நிற்கும் குழாயோடு அப்படி இணைக்க முடியாது. எக்ஸாஸ்ட் குழாயே இல்லாமல் வால்வு நேரே வெளியில் திறந்தால் ரோட்டரியாக இருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சின் பின்னால் விமானத்தோடு எதில் பூட்டியிருக்கிறது என்று பார்த்தால் உறுதியாகிவிடும். கிராங்க் கேஸ் பூட்டியிருந்தால் ரேடியல், கிராங்க் ஷாஃப்ட் பூட்டியிருந்தால் ரோட்டரி.

திருத்தத்தை அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே, கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படம் போடுவதானால் இரண்டு எஞ்சின்களின் குறுக்குவெட்டையும் பக்கம் பக்கமாக வைத்து, சுழலும் பாகங்களை ஒரு நிறத்திலும் நிற்கும் பாகங்களை இன்னொரு நிறத்திலும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தாம்பரம்.